தோட்டத்துக் கேமரா திருடு போகாமல் இருக்க...

கோத்தகிரி பக்கம் உள்ள கட்டபெட்டுதான் என் ஊர். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லை சோலைக் காட்டைத் தொட்டபடி இருக்கிறது. கரடி, காட்டெருமை, சிறுத்தை எல்லாம் வந்து போகும் இடம். முந்தைய இரவு அந்தப் பக்கம் எது வந்தது என்று தெரிந்தால், காலையில் இலை பறிக்கப் போகிறவர்கள் கவனமாக இருப்பார்கள். அதற்காக ஒரு டிரெயில் கேமரா வாங்கி, ஒற்றையடிப் பாதை ஓரத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் கட்டி வைத்தேன். 12ஆம் நாள் போய்ப் பார்த்தபோது மரம் மட்டும்தான் இருந்தது.

கேமராவின் விலை சுமார் 8,000 ரூபாய். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதிலிருந்த மெமரி கார்டு. அந்தக் கார்டு அதற்கு முன் எங்கள் வீட்டு டிஜிட்டல் கேமராவில் இருந்தது. அக்கா திருமணப் படங்களை அழித்துவிட்டு இதில் போட்டிருந்தேன். 'டெலிட்' செய்த படங்கள் உண்மையில் அழிவதில்லை என்பது சாப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன். நீங்கள் அப்படி விடக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

டிரெயில் கேமரா என்றால் என்ன?

ஆள் இல்லாமல் தானே படம் எடுக்கும் கேமரா இது. இதன் முன்புறம் உள்ள சென்சார், உடல் வெப்பம் உள்ள ஏதாவது ஒன்று அசைந்தால் உணர்ந்துகொள்ளும். உடனே படம் எடுத்து மெமரி கார்டில் பதியும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் வெளிச்சம் தரும். வனத்துறையினர் இதையே கேமரா டிராப் என்கிறார்கள்.

2018-19ல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இந்தக் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றில் 76,651 படங்கள் புலிகளுடையவை. இது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. நம் நீலகிரியில் 2021ல் டி23 என்ற புலியைத் தேடியபோதும் கேமரா டிராப்கள் உதவின. அக்டோபர் 15 அன்று அந்தப் புலி மசினகுடி பகுதியில் உயிருடன் பிடிபட்டது.

ஏன் எடுத்துப் போகிறார்கள்?

விற்றுப் பணமாக்க எடுப்பவர்கள் ஒரு வகை. வேட்டை, மரக் கடத்தல் என்று தங்கள் முகம் படத்தில் விழுந்துவிட்டதே என்று எடுப்பவர்கள் இரண்டாம் வகை. மூன்றாம் வகையை நாம் யோசிப்பதே இல்லை. தங்களை யாரோ ஒளிந்திருந்து பார்க்கிறார்கள் என்ற பயத்திலோ கோபத்திலோ எடுப்பவர்கள் அவர்கள்.

உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 14 மாதங்கள் தங்கி 270 பேரிடம் பேசினார். அந்த ஆய்வு 2024ல் வெளியானது. காட்டுக்குள் போன ஒரு பெண்ணின் படம் கேமரா டிராப்பில் பதிவாகி, பலர் கைக்குப் போய்விட்டது. கொதித்துப்போன ஊர் மக்கள் அங்கிருந்த கேமராக்களை உடைத்தார்கள். கேமரா இருப்பது தெரிந்த பிறகு பெண்கள் காட்டில் சத்தமாகப் பேசவும் பாடவும் தயங்கினார்கள் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. சத்தம் கொடுத்தபடி நடப்பதுதான் அங்கே வனவிலங்குகளிடமிருந்து அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கேமரா கட்டிய மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அக்கா என்னிடம், "தம்பி, அந்தப் பெட்டி எங்களையும் படம் புடிக்குதா?" என்று கேட்டார். "அது மிருகத்துக்குதான் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அது பொய். சென்சாருக்கு மனிதரும் ஒன்றுதான், கரடியும் ஒன்றுதான்.

கேமராவைப் பாதுகாக்கும் வழிகள்

1. இடம்: உங்கள் சொந்த நிலத்தில் மட்டுமே வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆட்கள் நடக்கும் பாதையை விட்டு, விலங்குகளின் கால்தடம் உள்ள இடமாகப் பாருங்கள்.

2. உயரம்: நான் இடுப்பளவு உயரத்தில் கட்டியதுதான் முதல் தவறு. சுமார் 10 அடி உயரத்தில் கட்டி, பின்னால் ஒரு மரத்துண்டு செருகி கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். நடந்து போகிறவர்களின் கண் பொதுவாக அவ்வளவு உயரம் போகாது. ஏணி இல்லாமல் எடுப்பதும் கடினம்.

3. பூட்டு: கேமராவுடன் வரும் நாடா, பிடித்துக் கட்டுவதற்குத்தான். திருட்டைத் தடுக்காது. கேமரா மாடலுக்கு ஏற்ற இரும்புப் பெட்டியும் ஸ்டீல் கேபிள் பூட்டும் தனியாகக் கிடைக்கின்றன. போகிற போக்கில் எடுப்பவரை இவை தடுக்கும். கட்டருடன் வருபவரைத் தடுக்காது.

4. விளக்கு: வாங்கும்போதே 850 நானோமீட்டரா, 940 நானோமீட்டரா என்று கேளுங்கள். 850 வகை விளக்கு எரியும்போது இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரிந்து கேமராவைக் காட்டிக்கொடுக்கும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் போகும் தூரம் சற்றுக் குறைவு.

5. பாஸ்வேர்டு: பல மாடல்களின் மெனுவில் பாஸ்வேர்டு வசதி உண்டு. அது தெரியாதவரால் கேமராவைப் பயன்படுத்த முடியாது. ஆனால் கார்டைக் கழற்றி எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் படங்கள் திறக்கும். பாஸ்வேர்டு பூட்டுவது கேமராவை மட்டும்தான், கார்டை அல்ல.

6. பெயர்: சில மாடல்களில் 'கேமரா நேம்' என்ற இடத்தில் நீங்கள் தருவது ஒவ்வொரு படத்தின் அடியிலும் அச்சாகும். அங்கே உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். நல்லவர் கையில் கிடைத்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

புளூடூத் டிராக்கரை உள்ளே வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அருகில் உள்ள மற்றவர்களின் போன்கள் வழியாகத்தான் அது தன் இடத்தைத் தெரிவிக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் பயன் இல்லை. கேமரா ஊருக்குள் வந்தால் இடம் தெரியலாம். அப்போதும் தனியாகத் தேடிப் போகாமல் போலீசிடம் சொல்லுங்கள்.

கார்டைப் பாதுகாக்கும் வழிகள்

கேமராவுக்கென்று புதிய கார்டு ஒன்றை ஒதுக்குங்கள். பழைய கார்டுதான் இருக்கிறது என்றால் முதலில் முழுமையாக பார்மேட் செய்யுங்கள். நீங்கள் ஒரு படத்தை டெலிட் செய்யும்போது, அந்த இடம் காலி என்று கார்டின் பட்டியலில் குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறு படம் பதியும் வரை பழைய படம் அங்கேயே இருக்கும். ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருட்களால் அதை மீட்டுவிடலாம். 'குயிக் பார்மேட்' செய்தாலும் இதே கதைதான்.

முழு பார்மேட் செய்யும் முறை:

- கார்டை கார்டு ரீடரில் செருகி, கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி'யைத் திறங்கள்.
- தேவையான படங்களை முதலில் ஹார்ட்டிஸ்க்கில் ஒரு போல்டரில் காப்பி செய்யுங்கள்.
- கார்டின் டிரைவ் மீது வலது கிளிக் செய்து 'பார்மேட்' கொடுங்கள். டிரைவ் எழுத்தை இருமுறை சரிபாருங்கள். தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ளவை போய்விடும்.
- 'குயிக் பார்மேட்' எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

இது முடியச் சற்று நேரம் ஆகும். ஆனால் கார்டு முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் சாதாரண மீட்பு மென்பொருட்களுக்கு எதுவும் சிக்காது.

வாரம் ஒருமுறை கார்டை எடுத்து வந்து இதைச் செய்யுங்கள். அதன் பிறகு கேமரா போனாலும் ஒரு வாரப் படம்தான் போகும். மனிதர்கள் உள்ள படங்களை ஹார்ட்டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுத்தையோ கரடியோ பதிவாகியிருந்தால் இடத்தைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் பரப்பாமல், வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேமரா வாங்கிய பில், சீரியல் நம்பர் இரண்டையும் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். புகார் கொடுக்கும்போது தேவைப்படும். சிம் போட்ட மாடல் என்றால், திருடு போன உடனே சிம்மை பிளாக் செய்யுங்கள்.

ஓர் அட்டை போதும்

2014ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவாரசியமானது. பொது இடங்களில் கருவிகளை வைத்து, சிலவற்றில் மிரட்டலாகவும், சிலவற்றில் பொதுவாகவும், சிலவற்றில் நட்பாகவும் எழுதி ஒட்டினார்கள். நட்பாக எழுதியவற்றை மக்கள் குறைவாகவே தொட்டார்கள்.

இப்போது நான் இரண்டாவது கேமரா வைத்திருக்கிறேன். பாதையை விட்டுத் தள்ளி, மேலே கட்டியிருக்கிறேன். பாதையில் ஓர் அட்டை: 'கரடி வருகிறதா என்று பார்க்க இங்கே கேமரா வைத்துள்ளேன். மனிதர்கள் படம் விழுந்தால் அழித்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்.' கீழே என் பெயரும் போன் நம்பரும். கட்டுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடமும் மற்றவர்களிடமும் எந்தப் பக்கம் பார்த்து வைக்கலாம் என்று கேட்டேன். அவர்கள் காட்டிய மரத்தில்தான் இப்போது கேமரா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கார்டை எடுத்து வந்தால், "இந்த வாரம் என்ன வந்துச்சு?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

முதல் கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டாவது எட்டு மாதமாக அதே மரத்தில் இருக்கிறது.