ஆற்றங்கரையில் ஒரு விமானத் திடல்

விமான நிலையம் என்றதும் உயர்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரமும் சுங்க அதிகாரிகளுமே நம் மனக்கண்முன் தோன்றுவர். அரசாங்கமன்றி வேறெவரும் அத்தகையதொன்றை நடத்துதல் இயலாதென்றும் எண்ணுகின்றோம். ஆயின், அயலவர் சிலர் ஒன்றுகூடி அமைத்த விமான நிலையமொன்று ஐக்கிய அமெரிக்காவிலே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது. கலிபோர்ணியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடமேற்கே, எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற சாந்தா போலா என்னும் சிற்றூரில் அஃது உள்ளது.

அதன் பிறப்புக்குக் காரணம் ஒரு பேரிடர். 1928ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் நள்ளிரவை அண்டிய வேளையில் சென் பிரான்சிஸ் அணைக்கட்டு உடைந்தது. சாந்தா கிளாரா ஆற்றுப் பள்ளத்தாக்கினூடே பாய்ந்த வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. றால்ஃப் டிக்கென்சன் என்னும் விவசாயி தம் நிலத்தில் அமைத்திருந்த சிறு ஓடுபாதையும் அதில் அழிந்தது. அவர் மனந்தளராது அயலவரை அணுகிப் பங்கு சேர்த்தார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டத் தொடங்கிய அக்காலத்திலேயே, 1930 ஓகஸ்டில், புதிய நிலையம் திறக்கப்பட்டது. இன்றும் அது தனியார் சங்கமொன்றின் உடைமையே. எனினும் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துள்ளது.

இங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்க வரும் விமானமோட்டி, தாம் எங்கே இருக்கின்றார், யாது செய்யக் கருதுகின்றார் என்பதைப் பொது வானொலி அலைவரிசையில் அறிவிப்பார். ஏனையோர் அதைச் செவிமடுத்துத் தம் முறைக்குக் காத்திருப்பர். இறங்குதற்கு அணுகும் விமானங்களுள் தாழப் பறப்பதற்கே முன்னுரிமை. ஆயின் அவ்வுரிமையைக் கருவியாக்கிப் பிறர் முன்னே குறுக்கிடலாகாது என அந்நாட்டு விதி கூறுகின்றது. உரிமையோடு அடக்கத்தையும் சேர்த்து விதித்த நுட்பம் கருதத்தக்கது.

பழைய விமானங்களைச் செப்பனிட்டுப் பறக்கவிடுதல் இங்குள்ளோரின் விருப்பத் தொழில். ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் மக்குவீன் 1979இல் பழைய இரட்டைச் சிறகு விமானமொன்றை வாங்கி, இங்கேயே பறக்கப் பயின்று, விமானக் கொட்டகையொன்றிலே சில காலம் வாழ்ந்தார். மாதத்தின் முதல் ஞாயிறன்று இக்கொட்டகைகள் சிலவற்றைத் திறந்து வைத்துப் பார்வையாளரை வரவேற்பது இங்குள்ள அருங்காட்சியகத்தாரின் வழக்கம்.

2005 பெப்ரவரியில் பெருமழையாற் பெருக்கெடுத்த அதே ஆறு ஓடுபாதையின் ஒரு பகுதியை விழுங்கிற்று. நிலையம் மூடப்பட்டது. பின்னர் ஓடுபாதை செப்பனிடப்பட்டு, விமானங்கள் மீண்டும் பறந்தன.

நிலத்தின் விலை ஏற ஏற, இத்தகைய சிறு திடல்கள் பல அந்நாட்டில் வீட்டு மனைகளாகிவிட்டன. தனியொருவரின் உடைமை அவர் மறைந்ததும் விலைபோதல் எளிது. பலர் பங்குகொண்ட உடைமையை விற்றுவிடுதல் அத்துணை எளிதன்று. நம் ஊர்களில் வாசிகசாலையோ விளையாட்டுத் திடலோ அமைக்க முனையும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. பொதுப் பணிக்குப் பணம் வேண்டும். அதனினும் மேலாக, ‘இது எம்முடையது’ என்று கூறிப் பராமரிக்கப் பலர் வேண்டும்.