வீடு தேடி வரும் கூத்து மேடை

கோயில் திருவிழா நாளிலே பாயும் போர்வையுமாகச் சென்று, விடியும்வரை கண்விழித்துக் கூத்துப் பார்ப்பது வன்னி மக்களின் வழக்கம். கிளிநொச்சிப் பகுதியில் காத்தவராயன் சிந்துநடைக் கூத்துக்குத் தனி மதிப்புண்டு. ஆதிக்காத்தான், பின்காத்தான் என ஒரே பாத்திரத்தை நடிகர் பலர் மாறிமாறி ஏற்பர். காத்தான் கழுவேறும் கட்டத்திலே, கதையை நன்கறிந்த பாட்டிமாரும் கண்கலங்குவர்.

இப்பொழுது அக்கூத்து ஒளிப்பதிவாகி வீட்டுத் திரைக்கும் வந்துவிட்டது. கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைகளும் அதனைக் காணலாம். பிற நாட்டாரும் இவ்வழியிற் சென்றுள்ளனர். 2016 ஆம் ஆண்டு நியூயோர்க் அரங்கிலேயே படம்பிடிக்கப்பட்ட 'ஹமில்டன்' இசை நாடகம், பெருந்தொற்றினால் அரங்குகள் மூடிக்கிடந்த 2020 யூலையில் இல்லங்களை எட்டிற்று.

பதிவின் அருமை யாது? மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகப் புகழ்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்து 1989 இல் மறைந்தார். அவரை மேடையிற் காணும் பேறு பின்பிறந்தோர்க்கு இல்லையன்றோ!

ஆயினும், முகத்தை மட்டும் அணுகிக் காட்டும் படம், ஆட்டத்தின் உயிராகிய காலடியை மறைத்துவிடும். ஆடுவோரின் முழு உருவத்தையும், ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்போரையும் காட்டுதல் வேண்டும். சில பாட்டுக்களை வெட்டிச் சுருக்குதலும் தகாது.

மாணவர்களே, படத்தைக் கண்டு மெட்டை அறியலாம். உங்கள் பிழையைத் திருத்த அண்ணாவியாரே வேண்டும். இன்று குடும்பத்துடன் வீட்டிலிருந்து பாருங்கள். அடுத்த திருவிழாவுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படுங்கள்!