அடிப்பிடித்த பாலும் கவுன்சலிங் அறையும்

பால்கோவாவுக்குப் பாலைச் சுண்டவைக்கிறோம். கிளறாமல் விட்டால் பாலிலுள்ள புரதம் பாத்திரத்தின் அடியில் படலமாகப் படியும். படலம் சூட்டை மேலே போகவிடாது. தங்கிய சூட்டில் இன்னும் கொஞ்சம் படியும், படிந்தது கருகும். மேலே பார்த்தால் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடியில் நடந்தது தெரியும்.

பதின்வயதில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் முற்றுகிறது. பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்திக்கு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறாள். தூக்கம் இல்லாததால் மறுநாள் பாடம் மண்டையில் ஏறவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று தோழிகளிடமிருந்து விலகுகிறாள். தனியாக இருப்பதால் நினைத்து மறுக இன்னும் நேரம் கிடைக்கிறது. ஆனாலும் காலையில் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன, பெரும்பாலானவை கண்டுகொள்ளப்படுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு மூன்று பேர்.

இந்த வயதில் தீய்ந்த வாசனை அழுகையாகத்தான் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எரிச்சலாக வரும், காரணமில்லாத தலைவலியாக, வயிற்றுவலியாக வரும். ராத்திரி விழிப்பும் பகல் தூக்கமுமாக நாள் தலைகீழாகும். பிடித்த கிரிக்கெட்டும் பிடிக்காமல் போகும். இவை இரண்டு வாரம் நீடித்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

வாசனை வந்ததும் வீட்டில் முதலில் செய்வது, கரண்டியை விட்டு அடியைச் சுரண்டுவது. “உனக்கு என்ன குறை வச்சோம்?” “எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?” “உங்க பெரியப்பா பொண்ணைப் பாரு.” சொல்பவர்களின் பதற்றம் உண்மையானது, பாசமும் உண்மையானது. ஆனால் சுரண்டச் சுரண்டக் கருகல் பால் முழுவதும் கலக்கிறது. மதிப்பெண்ணைப் பற்றிய பயமாக இருந்தது, ‘நான் இந்த வீட்டுக்கே பாரம்’ என்ற நினைப்பாகப் பரவுகிறது.

கவுன்சலிங் தெரிந்தவர் முதலில் அடுப்பைத் தணிக்கிறார். முதல் சந்திப்பில் தூக்கம், சாப்பாடு பற்றியெல்லாம் விசாரிப்பார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேட்பார். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை; கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்கள். அந்த எண்ணம் இருந்தால், அது வரும்போது யாரை அழைப்பது, எங்கே போவது, வீட்டில் எவற்றை எட்டாமல் வைப்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். 14416, 104 ஆகிய இலவச உதவி எண்களும் அந்தத் தாளில் இருக்கும். இங்கே பேசியது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டுக்குச் சொல்வேன் என்பதையும் நல்ல ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிடுவார். மறைத்து வைத்துப் பிறகு சொன்னால் அந்தப் பிள்ளை திரும்ப வராது.

அடுத்து, கருகாத பாலை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது. எது இன்னும் கெடாமல் இருக்கிறது? தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாளா? ஒரு தோழியிடமாவது பேசுகிறாளா? இதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ‘என்னிடம் எதுவுமே சரியில்லை’ என்று நம்பிக்கொண்டிருப்பவளுக்கு அவள் வாயாலேயே கிடைக்கும் முதல் மறுப்பு அது.

பிறகு, அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைப்பது. நம் வீடுகளில் அதிகம் குறை சொல்லப்படுவது இந்தக் கட்டம்தான். “ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனோம், சும்மா பேசிட்டு அனுப்பிட்டாங்க” என்பார்கள். சும்மா அல்ல. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர் மாறுவதற்கு எந்தச் சூழ்நிலை வேண்டும் என்று வரையறுத்தார். கேட்பவர் பாசாங்கு இல்லாமல் இருக்க வேண்டும், எடைபோடாமல் ஏற்க வேண்டும், எதிரே இருப்பவரின் கண்ணால் பார்க்க முயல வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. தண்ணீர் ஊற்றி வைத்த பாத்திரத்தில் வெளிப்பார்வைக்கு எதுவும் நடப்பதில்லை. அடியில் பிடிப்பு இளகிக்கொண்டிருக்கிறது. தன் குடும்பத்திடம் ஒருமுறைகூடச் சொல்லாத வாக்கியத்தை அந்தப் பெண் மூன்றாவது வாரம் சொல்வாள். ஆலோசகர் திடுக்கிடாமல், புத்தி சொல்லாமல், “அப்புறம்?” என்று கேட்பார். இதைச் செய்யப் பயிற்சி வேண்டும். அறிவுரை சொல்லும் கை தானாக நீளும். அதை அடக்குவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி.

ஊறிய பிறகு லேசாகத் தேய்த்தாலே கழன்று வரும். 1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களிடம் தன்னியல்பாக எழும் சில எண்ணங்களைக் கவனித்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். ‘நீட்டில் தோற்றால் என் வாழ்க்கையே முடிந்தது’ என்று அவள் சொன்னால், ஆலோசகர் “அப்படியெல்லாம் இல்லை” என்று மறுப்பதில்லை. இதை எவ்வளவு நம்புகிறாய்? இதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன ஆதாரம்? உன் தோழி இதையே சொன்னால் அவளுக்கு என்ன சொல்வாய்? அவளே எழுதிப் பார்க்கிறாள். எண்ணம் முழுதாகப் போய்விடாது. நூற்றுக்கு நூறாக இருந்த நம்பிக்கை ஐம்பதாகக் குறைந்தால் அன்றிரவு தூங்க முடியும்.

இனி மறுபடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மனசு சரியானதும் வெளியே போகிறேன் என்று காத்திருந்தால் மனசு சரியாகாது. மாலையில் பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நடப்பது, ஒரு தோழிக்குப் பேசுவது என்று சின்ன வேலைகளை நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிறார்கள். கோவாவில் ‘சங்கத்’ என்ற மனநல அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்த முறையைச் செய்யவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த பெரியவர்களிடம் அது பலன் தந்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆட்கள் பற்றாக்குறை என்ற சாக்கு அதோடு பாதி விழுந்துவிட்டது என்பது என் எண்ணம்.

பேச்சு மட்டும் போதாத நிலையும் உண்டு. அப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவையும் செய்து பாத்திரத்தைத் துலக்கி, அதே பெருந்தீயில் திரும்ப வைத்தால்? ஆலோசகரின் கைக்கு எட்டாத திருகு ஒன்று இருக்கிறது: தேர்வு முறை. அதைத் தணித்த முன்னுதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனடியாகத் துணைத்தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர வழி செய்யப்பட்டது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ‘சிநேகா’வின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நின்றது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. கோச்சிங் மையங்களுக்கும் இது பொருந்தும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம்: எங்கள் பள்ளியின் ஆலோசகர் யார், என்ன படித்தவர், பிள்ளைகள் அவரைத் தனியாகச் சந்திக்கக் கதவு உள்ள அறை இருக்கிறதா?