இடைச்செருகு தொடர் (ஆங்கில மேடைப்பேச்சு)

ஆங்கில மேடைப்பேச்சில் இடைச்செருகு தொடர் என்பது, பேச்சாளர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் ஓட்டத்தைச் சற்று நிறுத்தி, நடுவில் சேர்க்கும் சொல், சொற்றொடர் அல்லது சிறு வாக்கியம் ஆகும். இதனை நீக்கினாலும் எஞ்சிய வாக்கியம் இலக்கணப்படி நிறைவாகவே இருக்கும். ஆயினும் பொருளில் இதன் பங்கு சிறியதன்று. பேசுபவரின் தீர்ப்பு, ஐயம், மறுப்பு ஆகியன பல வேளைகளில் இத்தொடர்களிலேயே அமைகின்றன.

பெயரும் வரலாறும்

இதற்கான ஆங்கிலப் பெயர் 'இடையே வைத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியன், இதனைப் பேச்சு அணிகளுள் ஒன்றாக விளக்கியுள்ளார். 1589 இல் வெளிவந்ததும் ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படுவதுமான ஆங்கிலப் பாவியல் நூல், இதற்குச் 'செருகுபவன்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரொன்றைத் தந்தது.

ஒலிப்பு முறை

எழுத்தில் இத்தொடரைக் காற்புள்ளி, நெடுங்கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றால் பிரித்துக் காட்டலாம். கேட்பவருக்கோ இக்குறிகள் தெரிவதில்லை. அவற்றின் வேலையைக் குரலே செய்ய வேண்டும். பொதுவாகப் பின்வரும் மாற்றங்கள் காணப்படுகின்றன:

* தொடருக்கு முன்னும் பின்னும் சிறு இடைநிறுத்தம்
* குரலின் சுருதி தாழ்தல், ஏற்ற இறக்கம் குறைதல்
* சொல்லும் வேகம் சற்றுக் கூடுதல்
* தொடர் முடிந்ததும் முதன்மை வாக்கியத்தின் சுருதிக்கு மீளுதல்

எல்லா இடங்களிலும் இவை அனைத்தும் ஒருங்கே வருவதில்லை. செருகிய தொடருக்கே அழுத்தம் தர விரும்பும் பேச்சாளர், வேகத்தைக் கூட்டாமல் குறைப்பதும் உண்டு.

பயன்கள்

* உறுதியின் அளவைக் காட்டல்: 'ஐ திங்க்' (நான் நினைக்கிறேன்) போன்றவை வாக்கியத்தின் நடுவில் வரும்போது, கூற்றுக்குப் பேசுபவர் எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதைக் காட்டுகின்றன. மெய்யியலாளர் ஜே. ஓ. உர்ம்சன் 1952 இல் எழுதிய கட்டுரை இத்தகைய வினைகளை ஆராய்ந்தது.
* விளக்கம் தரல்: அவையோர் அறியாத பெயரையோ கலைச்சொல்லையோ அங்கேயே சுருக்கமாக விளக்கலாம்.
* அவையோரை இணைத்தல்: 'ஆஸ் யூ நோ' (நீங்கள் அறிந்தபடி) போன்றவை கேட்பவரையும் பேச்சில் பங்குகொள்ளச் செய்கின்றன.
* மதிப்பீடு செய்தல்: செய்தியைச் சொல்லும்போதே அதன் மீதான தீர்ப்பையும் சேர்க்கலாம்.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்

1940 சூன் 4 அன்று, டன்கிர்க்கிலிருந்து 3,30,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் படையினர் மீட்கப்பட்ட பின்னர், பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் மக்களவையில் உரையாற்றினார். பிரித்தானியத் தீவு அடிமைப்பட்டாலும் கடல் கடந்த பேரரசு போரைத் தொடரும் என்பது இறுதி வாக்கியத்தின் ஒரு பகுதி. ஆனால் அவர் 'அவ்வாறே நேர்ந்தாலும்' என்னும் பொருள்படத் தொடங்கியவுடன், அதைத் தாம் ஒரு கணமும் நம்பவில்லை என்னும் மறுப்பைச் செருகினார். அதன் பிறகே தோல்வியைப் பற்றிய சொற்களைக் கூறினார். இதனால் அச்சம் தரும் கருத்தைக் கேட்பதற்கு முன்பே அதற்கான மறுப்பு அவையோரை எட்டியது. அச்செருகலை நீக்கிவிட்டால், நாட்டின் தலைவர் தோல்வியை எதிர்பார்ப்பதாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

1941 டிசம்பர் 8 அன்று, பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையின் முதல் வாக்கியம் மற்றொரு எடுத்துக்காட்டாகும். தாக்குதல் நடந்த நாளைக் குறிப்பிட்டவுடன், அது இழிபெயருடன் நிலைக்கும் நாள் என்னும் தொடரை அவர் செருகினார். முதல் வரைவில் 'உலக வரலாற்றில்' நிலைக்கும் நாள் என்றே இருந்தது; பின்னர் அவர் தம் கையாலேயே அதனைத் திருத்தினார். இத்தொடரின்றி அவ்வாக்கியம் ஒரு தாக்குதலைப் பற்றிய செய்தி மட்டுமே. அன்றே மேலவை 82-0 என்றும் கீழவை 388-1 என்றும் போர் அறிவிப்புக்கு ஒப்புதல் அளித்தன. இன்று அவ்வுரை அச்செருகு தொடராலேயே அறியப்படுகிறது.

1863 நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய கெட்டிசுபெர்க் உரையில், 'இறைவனின் கீழ்' எனப் பொருள்படும் தொடர் இறுதி வாக்கியத்தில் செருகப்பட்டுள்ளது. லிங்கன் எழுதிய 5 படிகளுள், முற்பட்டனவாகக் கருதப்படும் இரண்டில் இது இல்லை. பிந்திய மூன்றிலும் அக்காலச் செய்தித்தாள்களிலும் உள்ளது. எனவே மேடையில் பேசும்போதே அவர் இதனைச் சேர்த்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

குறைகள்

செருகல் நீளும்போது, கேட்பவர் எழுவாயை மறந்துவிடக்கூடும். படிப்பவரைப் போல் அவர் பின்சென்று பார்க்க இயலாது. ஐயத்தைக் காட்டும் தொடர்கள் மிகுந்தால் கூற்று வலுவிழக்கும். 'யூ நோ' போன்றவை பொருளின்றித் திரும்பத் திரும்ப வந்தால் வெற்று நிரப்பிகளாகிவிடும். மேலும், உரையைச் சுருக்கி வெளியிடுவோர் செருகலை விட்டுவிட்டால், பேசியவர் விதித்த வரையறையும் மறைந்து கருத்து திரிபடையலாம்.

தமிழுடன் ஒப்பீடு

ஒன்றையொன்று தழுவி வரும் இரு சொற்களுக்கு இடையே, பொருந்தும் பிற சொற்கள் வருவதை நன்னூல் 'இடைப்பிறவரல்' என்கிறது. இது ஆங்கிலச் செருகலுடன் ஒப்பிடத்தக்கது. ஆனால் முற்றிலும் ஒன்றன்று. தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வருவதால், கேட்பவர் அதற்காகக் காத்திருக்கப் பழகியவர். ஆங்கிலத்தில் வினை எழுவாயை அடுத்து வருவது இயல்பாதலால், அவ்விரண்டுக்கும் இடையிலான சிறு செருகலும் தெளிவாக உணரப்படுகிறது. ஆங்கிலத்தில் மேடையேறும் தமிழ் மாணவர்கள் செருகலைச் சுருக்கமாக அமைத்து, முன்னும் பின்னும் இடைநிறுத்தம் தருவது பயனளிக்கும்.