கருவி ஒலி தரும், பேச்சைத் தருவது வீடு

காது கேளாத பிள்ளையின் உட்காதில் கொக்லியர் கருவி வைத்துத் தையல் ஆறி, சில வாரங்களில் அதை முதன்முதலாக இயக்கும்போது பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பும். பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் அழுதுவிடுவார்கள். அந்தக் காட்சியை வட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்திருப்போம். அடுத்து வரும் இரண்டு, மூன்று வருட உழைப்பை யாரும் படமெடுப்பதில்லை.

நலமான உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் ஒலி அதிர்வை மின் துடிப்பாக்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. கொக்லியர் கருவியில் அந்த வேலையைப் பார்ப்பவை, நத்தைச்சுருளுக்குள் செருகிய 12 முதல் 22 வரையான மின்முனைகள்தான். மூளைக்குப் போய்ச் சேர்வது கரடுமுரடான ஒலி. 1978இல் மெல்பேர்னில் கிரேம் கிளார்க்கின் பல மின்முனைக் கருவியை முதலில் ஏற்றவர், பேசி வளர்ந்து பெரியவரான பின் கேட்கும் திறனை இழந்தவர். கரடான ஒலியைப் பொருத்திப் பார்க்க அவர் மூளையில் சொற்கள் இருந்தன. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதனால்தான் வயது இவ்வளவு முக்கியமாகிறது. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற பிள்ளைகளின் மூளை, ஒலிக்குப் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளின் மூளை போலவே பதிலளிக்கிறது என்று அனு சர்மாவின் ஆய்வு 2002இல் காட்டியது. ஏழு வயதுக்குப் பிந்தினால் அது கடினம்.

பயிற்சி எளிமையாகத்தான் தொடங்குகிறது. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகளை, ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று, வாயை மறைத்துக்கொண்டு தினமும் காலையில் சொல்லிப் பார்க்கவேண்டும். நேற்று ‘ஸ்’ கேட்ட பிள்ளை இன்று திரும்பவில்லை என்றால் கருவியைக் கவனிக்கவேண்டும். ஒலி இருக்கிறதா என்று அறிவது முதல் படி. பிறகு இரண்டு ஒலிகளைப் பிரிப்பது, சொல்லை அடையாளம் காண்பது, கடைசியில் பொருள் விளங்குவது.

இங்கே தமிழ் ஒரு வசதி தருகிறது. கருவி சுருதியைச் சரியாகக் கடத்தாவிட்டாலும் நீளத்தையும் தாளத்தையும் நன்றாகவே கடத்தும். பல், பால், கல், கால் என்று குறில் நெடிலில் தொடங்கலாம். ல, ள, ழ பிடிபட நாளாகும். அதற்காகப் பிள்ளையை வாட்டவேண்டாம்.

இலங்கையில் கம்பளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேறு தடைகள் உண்டு. தகரக் கூரையில் மழை அடித்தால் பேச்சு மூழ்கிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக் கருவிக்குப் பக்கத்தில் பேசவேண்டும். ஈரக்காற்று கருவியின் வெளிப்பகுதியைக் கெடுக்கும் என்பதால் இரவில் அதை உலர்பெட்டியில் வைக்கவேண்டும். ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் அறிவியலுக்குப் பட்டப்படிப்பு இருந்தும், தமிழில் பயிற்சி தருவோர் நாட்டில் மிகக் குறைவு. கண்டியில் ஆலோசனையைச் சிங்களத்தில் கேட்டுவந்த தாய், வீட்டிலும் தெரிந்த அளவு சிங்களத்தில் பேச முயலக்கூடும். அது தேவையில்லை. அவர் சிரிக்கும், கோபிக்கும், கொஞ்சும் தமிழே பிள்ளைக்கு வேண்டியது. இரண்டாவது மொழியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தாய் கொழுந்து பறிக்கப் போனால் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் அம்மாயி, அல்லது பிள்ளைக் காம்பிராவைப் பார்க்கும் அக்கா. பற்றரி மாற்றவும், வெளிப்பகுதியைத் தலையில் பிடித்திருக்கும் காந்தம் கழன்றால் திரும்ப ஒட்டவும், ஆறு ஒலிகளைச் சொல்லவும் அவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அடுத்த கிளினிக்குக்கு அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.