கேஷ் இருக்கு... காசு இல்லை!

'ஜியோகேஷிங்' என்றதும் ஏதோ புது சீட்டுக் கம்பெனி என்று பதறாதீர்கள். இந்தக் கேஷ், கல்லாப்பெட்டிக் கேஷ் இல்லை. பொருளை ஒளித்து வைக்கிற இடத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். பாங்க் பாலன்ஸ்தான் வேறு.

ஆட்டம் ரொம்ப சிம்பிள். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைப்பார். உள்ளே ஒரு சின்ன நோட்டு, முடிந்தால் ஒரு பென்சில். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். நீங்கள் ஜி.பி.எஸ். கருவியையோ செல்போனையோ பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"பரிசு?"

கிடையாது.

"ஒரு சர்டிபிகேட்டாவது?"

மூச்!

அப்புறம் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இப்படி உலகம் முழுக்க 30 லட்சம் டப்பாக்களுக்கு மேல் ஒளிந்திருக்கின்றன. அன்டார்டிகாவில்கூட உண்டு. 2008-ல் ரிச்சர்ட் கேரியட் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிப்பாளர், சொந்தக் காசில் விண்வெளிக்குப் போனவர், சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு கேஷைப் பதிவு செய்துவிட்டு வந்தார். ஆக, வேலையில்லாதவர்கள் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஒளித்து வைத்துப் பெயர் எழுத வைக்கிற ஆசை பழசுதான். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்கிற பொட்டல்வெளியில், 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி, கிரான்மியர் என்கிற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். சேற்றில் கால் புதைய அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் அதில் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு, பெருமையோடு திரும்பிப் போவார்கள். சாட்டிலைட் மட்டும்தான் பாக்கி.

அந்த பாக்கி 2000 மே மாதம் தீர்ந்தது. அதுவரை ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கொஞ்சம் கலப்படம் செய்து வைத்திருந்தது. பொதுஜனம் வாங்குகிற கருவி நூறு மீட்டர் வரைகூடத் தப்பாகக் காட்டும். அதை வைத்துக்கொண்டு மலையைத் தேடலாம், டப்பாவைத் தேட முடியாது. கிளின்டன் உத்தரவில் மே 2-ம் தேதி கலப்படம் நின்றது. மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்கிற ஊருக்குப் பக்கத்தில், டேவ் அல்மர் என்கிற கம்ப்யூட்டர் ஆலோசகர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை முக்கால்வாசி மண்ணில் புதைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ காசெட், உண்டிவில் பிடி, ஒரு டின் காராமணி! 'கொஞ்சம் எடுத்துக்கொள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போ, நோட்டில் எழுது' என்பதுதான் விதி. இரண்டு மூன்று நாளில் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மைக் டீக் என்பவர் முதல் ஆள். அந்த மாதக் கடைசியில் 'ஜியோகேஷிங்' என்ற பெயரும் பிறந்தது.

இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா? அதே அல்மர் அதே வாளியை இன்றைக்குக் கொண்டுவந்தால் பதிவு செய்ய மாட்டார்கள்!

முதல் காரணம், புதைத்தது. டப்பாவுக்காகக் குழி தோண்டக் கூடாது. ஒருத்தர் தோண்டி வைத்தது தெரிந்தால், தேடி வருகிற அத்தனை பேரும் கையில் மண்வெட்டியோடு வருவார்கள். நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? இரண்டாவது, காராமணி. சாப்பாட்டுச் சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மனுஷனுக்கு முன்னால் எறும்பும் எலியும், அங்கே கரடியும் அதைக் கண்டுபிடித்துவிடும். அவற்றுக்கு ஜி.பி.எஸ். தேவையில்லை. மூடிய டின்தானே என்று நீங்கள் அல்மருக்காக வக்காலத்து வாங்கலாம். நியாயம்தான். அந்த டின் பிற்பாடு மீட்கப்பட்டு, ரசிகர்கள் கூட்டங்களில் பவனி வரும் அளவுக்குப் பெரிய மனுஷனாகிவிட்டது.

புது டப்பா ஒவ்வொன்றையும் முதலில் ஒரு தன்னார்வப் பரிசோதகர் பார்ப்பார். சம்பளம் இல்லாத ஆடிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கிறதா? நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டதா? மரத்தில் ஆணி அடித்திருக்கிறாயா? இப்படிக் கேள்விகள். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் சாதாரணமாக டப்பா வைக்க விடுவதில்லை. அங்கே 2004 முதல் 'எர்த்கேஷ்' என்று ஒன்று வந்தது. டப்பாவே கிடையாது, பாறையையோ நீரூற்றையோ பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. அப்புறம் என்ன மரியாதை?

நான் பி.காம். படித்தவன். எனக்கு எல்லாம் லெட்ஜராகத்தான் தெரியும். டப்பாவிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தால் அதே மதிப்புள்ள, முடிந்தால் கொஞ்சம் கூடுதல் மதிப்புள்ள சாமானைப் போட வேண்டும். டெபிட்டுக்குச் சரியாக கிரெடிட். பழைய பஸ் டிக்கெட்டைப் போட்டுவிட்டு பொம்மை காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்து வருகிற குழந்தை திறந்து பார்க்கும்போது உள்ளே குப்பைதான் இருக்கும்.

எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பதும் அப்படித்தான். 'இதைவிட நல்ல மறைவிடம் பக்கத்தில் இருக்கிறதே' என்று சொந்த மூளையை உபயோகித்தால் அடுத்தவன் மணிக்கணக்கில் புதரைக் கிளறுவான். புதர் தாங்காது.

நோட்டில் இருக்கிற பெயரும் இன்டர்நெட்டில் 'கண்டுபிடித்தேன்' என்று எழுதிய பெயரும் டாலி ஆக வேண்டும். கண்டிப்பான சொந்தக்காரர்கள் நோட்டை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பார்கள்; பொய்க் கணக்கு எழுதியவர் பதிவு நீக்கப்படும். சாட்சாத் பாங்க் ரீகன்சிலியேஷன்!

இதைவிட மோசம் ஒன்று உண்டு. தேடிக் கிடைக்காத ஆசாமி, பாக்கெட்டிலிருந்து ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவை எடுத்து, 'காணாமல் போயிருக்கும் போல, புதுசு வைத்துவிட்டேன்' என்று சொல்லி, தன் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்வார். அசல் டப்பா பத்தடி தள்ளி பத்திரமாக இருக்கும்! ஒரே கேஷுக்கு இரண்டு டப்பா, இரண்டு நோட்டு. கணக்கு தெரிந்தவர்களுக்கு இதன் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுவதுதான் முறை. நிறையப் பேருக்கு இது வெட்கம். மேனேஜரிடம் போய் 'டார்கெட் முடியலை சார்' என்று சொல்கிற மாதிரி. ஆனால் வரிசையாக நாலு பேர் அப்படி எழுதினால்தான் டப்பாவின் சொந்தக்காரருக்கு 'என்னவோ ஆகியிருக்கிறது' என்று உறைக்கும்.

திருட்டு முழியும் ஆகாது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்கிற சின்ன ஊரில், ஒருவர் பூந்தொட்டி அருகே குனிந்து டப்பாவோடு என்னவோ செய்ததைப் பார்த்த ஓட்டல் ஆட்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து டப்பாவை வெடிக்க வைத்தார்கள். அது வெறும் ஜியோகேஷ்! ஊர் நடுவில் வைப்பதாக இருந்தால் உள்ளே தெரிகிற டப்பா, வெளியே பளிச்சென்று ஒரு லேபிள். அது இல்லாவிட்டால் வம்பு.

சாகசப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கேஷுக்கும் இரண்டு மார்க் இருக்கும். தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று, போய்ச் சேருவது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று. இரண்டாவதில் 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போகலாம். 5 என்றால் கயிறோ படகோ முக்குளிக்கும் சாதனமோ வேண்டும். வானிலைக்கு மட்டும் யாரும் மார்க் போட முடியாது. 2018 ஜூனில் பிராக் நகரத்தில், தரைக்கடியில் ஓடுகிற கால்வாய்க்குள் கேஷ் தேடி இறங்கிய ஒரு கோஷ்டியைத் திடீர் மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேர் திரும்பவில்லை. ஒரு பெயரை எழுதுவதற்காக!

இதெல்லாம் தேடுகிறவன் பாடு. என்னைக் கேட்டால் நிஜமான ஆட்டம் வைத்தவனுடையது. வைப்பதற்குப் பத்து நிமிஷம். பார்த்துக்கொள்வது வருஷக்கணக்கில்.

போர்ட்லாண்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற என் காலேஜ் நண்பன் 2014-ல், ஊருக்கு வெளியே ஒரு காட்டுப் பாதையோரம் டப்பா வைத்தான். முறைப்படி அனுமதி, ரப்பர் வளையம் போட்ட நாலு பக்கக் கிளிப் டப்பா, எல்லாம் சுத்தம். முதல் மழைக்காலத்திலேயே 'நோட்டு ஈரம்' என்று தகவல் வந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு நாற்பது நிமிஷம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்திருக்கிறான்.

"ஏண்டா, ஒரு டப்பாவுக்கா லீவு?" என்றேன் போனில்.

"நான் போகலைன்னா வேற யாருடா போவா?" என்றான்.

டப்பா ஓட்டையில்லை. நோட்டைப் போட்டு வைத்த பிளாஸ்டிக் பையின் மூலை, மூடியில் சிக்கியிருந்தது. அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக ஆரிகன் மழை முழுக்க உள்ளே! மூடுகிறவர்கள் ஒரு விநாடி பார்த்தால் போதும். ரப்பர் வளையத்தில் நாலு மணல் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். பேனா கூடாது, பென்சில்தான். மை கரையும், குளிரில் எழுதாது. இப்படி ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு பாடம் படித்துக்கொண்டு வருவான். போகிற வழியில் கிடக்கிற பீர் டின்களைப் பொறுக்கிக்கொண்டு வருவதும் பழக்கமாகிவிட்டது. அதற்கும் 2002 முதல் ஒரு இயக்கமே நடத்துகிறார்கள், 'கேஷ் உள்ளே, குப்பை வெளியே' என்று.

கவனிக்காத டப்பா என்ன ஆகும்? பரிசோதகர் எச்சரிப்பார். சில வாரத்தில் சரி செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். ஆனால் டப்பா காட்டிலேயே கிடக்கும், வெறும் பிளாஸ்டிக் குப்பையாக. டூர் போன இடத்தில் ஒன்று ஒளித்துவிட்டு வந்தால் ஒப்புக்கொள்ளாததும் இதனால்தான். மறுபக்கம், கன்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்கிற இடத்தில் 2000 மே 11-ல் வைத்த கேஷ் கால் நூற்றாண்டு தாண்டியது. நடுவில் டப்பா காணாமல் போயிருக்கிறது, மாற்றி வைத்திருக்கிறார்கள். டப்பா முக்கியமில்லை, போய்ப் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நண்பனுக்கு 2023-ல் டெக்சாஸுக்கு மாற்றல். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். லீவு போட்டாலும் நடக்காது. எடுத்துவிடலாம் என்று கடைசித் தடவை போனான். அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து புரட்டியிருக்கிறான். ஒன்பது வருஷம், முந்நூறுக்கு மேல் கையெழுத்து. ஒரு பெயர் மட்டும் நாலு தரம். முதல் தரம் இரண்டு பெயராக, கணவனும் மனைவியுமாக. அப்புறம் மூன்று தரமும் அவர் பெயர் மட்டும்.

டப்பாவை எடுக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டான். அன்றிரவு அவருக்கு எழுதிக் கேட்டான், 'இதைத் தத்து எடுத்துக்கொள்வீர்களா?' இந்த ஆட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பெயர் மாற்றிக் கொடுத்துவிடலாம். ரிடையரான மனுஷர். மறுநாளே சரி என்றார்.

போன மழைக்காலத்தில் அவரிடமிருந்து இரண்டு வரி வந்ததாம். 'நோட்டு நிறைந்துவிட்டது, புதுசு வைத்திருக்கிறேன். பழையதை உங்களுக்குத் தபாலில் அனுப்பட்டுமா? முதல் வருகைப் பக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், ஆட்சேபனை இல்லையே?'

நண்பன் விலாசம் அனுப்பிவிட்டான்.