ஐந்து நிலையங்கள் கூடுமிடம்

நகரத்து இரயில் சந்திப்பு என்பது யாது என வினவினால், பல தண்டவாளங்கள் வந்து கூடும் இடமே அஃது என்று நம்மிற் பலர் விடை கூறுவர். அவ்விடை பாதியளவே பொருந்தும். வண்டிகள் ஒன்றையொன்று காணாமலே சந்திப்பாய் விளங்கும் இடங்களும் உள. சென்னை சென்ட்ரல் அத்தகையது. அங்கே ஐந்து நிலையங்கள் ஒரு நெடுஞ்சாலையை அடுத்து நெருங்கி அமைந்துள்ளன. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வோர் கால்நடையாகவே செல்லவேண்டும். இவ்வமைப்பு நேர்ந்த காரணத்தையும், அதனாற் பிரயாணிகள் உற்ற துன்பத்தையும், அது தீர்ந்துவரும் வகையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், சென்னை இரயில்வேக் கம்பெனியாரால் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரையில் விடப்பட்டது. இராயபுரத்தில் நெருக்கடி மிகவே, நகரின் நடுவணதாகிய பார்க் டவுனில் 1873-ஆம் ஆண்டில் இரண்டாவது நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இன்று நாம் காணும் சென்ட்ரல் இதுவே. 2019-ஆம் ஆண்டு முதல் இது புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்நிலையத்துத் தண்டவாளங்கள் 1,676 மில்லிமீட்டர் இடைவெளியுடைய அகலப் பாதையாகும். பம்பாய், கல்கத்தா, டில்லி, கோயமுத்தூர் முதலிய இடங்கட்குச் செல்வோர் இங்கேயே வண்டியேறினர்.

தென் மாவட்டங்களின் வரலாறு வேறு. அங்கே தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார், செலவு குறையும் என்பது கருதி, 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுடைய மீட்டர் பாதையை அமைத்தனர். அப்பாதைக்குத் தலைமை நிலையமாக 1908-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் என்பார் அதன் வடிவத்தை வகுத்தார். சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தக்காரர் அதனைக் கட்டி முடித்தார். இவ்வாறு ஒரே நகரத்தில் இரு கம்பெனியாரும் இருவகைப் பாதைகளும் இரு தலைமை நிலையங்களும் உண்டாயின.

இதன் பயனைப் பிரயாணியே அனுபவித்தான். திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவிற்குச் செல்வான் ஒருவன் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரலைத் தேடிச் செல்லவேண்டியவனானான். கையிற் பொருளுடையார் வண்டி அமர்த்திக்கொண்டனர். அல்லாதார் எழும்பூரிலிருந்து கடற்கரை செல்லும் வண்டியில் ஏறி, அடுத்துள்ள பார்க் நிலையத்தில் இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தனர். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. வண்டிகள் விரைவு பெற்றன. ஆனால் சாலையைக் கடக்கும் தொல்லை நீங்கவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பழைய கம்பெனி இரயில்வேக்கள் ஒன்றாக்கப்பட்டுத் தென்னக இரயில்வே தோன்றியது. ஆட்சி ஒன்றாயிற்று, ஆனால் தண்டவாளம் ஒன்றாகவில்லை. கடற்கரை–தாம்பரம் பாதையில் மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்றுதான் முற்றும் நிறுத்தப்பட்டன. அதிகாரிகளின் கையெழுத்தால் ஒருநாளில் முடிவது ஒன்று. பூமியிற் பதிந்த இரும்பை மாற்றுவது மற்றொன்று என்பதை இவ்வைம்பத்து மூன்று ஆண்டுகள் நமக்குப் புலப்படுத்துகின்றன.

இதற்கிடையே புதிய நிலையங்களும் தோன்றின. சென்ட்ரலை அடுத்திருந்த மூர் மார்க்கெட் 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி முதலிய திசைகளுக்குச் செல்லும் புறநகர் வண்டிகளுக்கென ஒரு நிலையம் எழுந்தது. பறக்கும் இரயில் என்று மக்கள் வழங்கும் பாதை 1995-ஆம் ஆண்டிற் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அமைந்தது. அப்பாதைக்குரிய பார்க் டவுன் நிலையம் பழைய பார்க் நிலையத்தின் அருகிலேயே உள்ளது.

இனி, இவற்றின் கிடக்கையை நோக்குவோம். சாலையின் வடபாற் சென்ட்ரலும், அதன் பக்கத்தே புறநகர் நிலையமும் இருக்கின்றன. சென்ட்ரல் ஒரு முடிவு நிலையம். தண்டவாளங்கள் வடக்கேயிருந்து வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. அதனால் பிரயாணிகள் நடைமேடைகளின் தலைப்பகுதி வழியாகப் படியேறாமலே ஒரு மேடையினின்று மற்றொன்றிற்குச் செல்லலாம். சாலையின் தென்பாற் பார்க் நிலையமும் பார்க் டவுன் நிலையமும் உள. இவை வழி நிலையங்கள். வண்டிகள் நின்று அப்பாற் செல்வன. ஐந்தாவதாகிய மெட்ரோ நிலையம் நிலத்தின் கீழ் அமைந்தது. பரங்கிமலைப் பாதையின் வண்டிகள் 2018-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாளும், விமான நிலையப் பாதையின் வண்டிகள் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாளும் இங்கு வரத் தொடங்கின. இரு பாதைகளும் வெவ்வேறு ஆழங்களில் உள்ளமையால், நகரும் படிக்கட்டினாலோ மின்தூக்கியினாலோ ஒன்றினின்று மற்றொன்றை அடையலாம். மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். ஆகவே, இச்சிறு வட்டாரம் தன் வாழ்நாளில் மூவகைப் பாதைகளைக் கண்டுள்ளது.

மெட்ரோவினால் விளைந்த நன்மைகள் இரண்டை ஈண்டுக் குறிப்பிடவேண்டும். எழும்பூர் மெட்ரோவில் ஏறியவர் அடுத்த நிலையத்திலேயே சென்ட்ரலில் இறங்கலாம். 1908-இற் பிரிந்து நின்ற இரு தலைமை நிலையங்களும் நூற்றுப்பத்து ஆண்டுகட்குப்பின் இவ்வாறு நேரே இணைந்தன. மேலும், மெட்ரோவின் வாயில்கள் சாலையின் இருமருங்கும் திறக்கின்றமையால், மேலே ஓடும் வாகனங்களுக்கு அஞ்சாமல் கீழ்வழியே சாலையைக் கடக்க இயலும்.

இவ்விரண்டாவது நன்மை சிறிதெனத் தோன்றலாம், அன்று. சென்ட்ரலுக்கு எதிரே இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்களிலிருந்து நோயாளிகள் பலர் இரயிலில் வந்து, இங்கே இறங்கி, அம்மருத்துவமனையை நாடுகின்றனர். திடகாத்திரமுள்ள மாணவராகிய நமக்கு அச்சாலை ஓரிரு நிமிட நடை. மூச்சிரைக்கும் தந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டு வரும் மகனுக்கு அது பிரயாணத்தின் மிகக் கடினமான பகுதி. அவனுக்கு வேண்டுவன, பழுதின்றி இயங்கும் மின்தூக்கியும், எழுத்தறிந்தோர் யாவரும் படிக்கத்தக்க வழிகாட்டிப் பலகையும், இடையில் இளைப்பாற ஓர் இருக்கையுமேயாம்.

சந்திப்பு நிலையங்களை ஆராய்வோர், எத்தனை பாதைகள் கூடுகின்றன, எத்தனை வண்டிகள் வருகின்றன என்று கணக்கிடுவது வழக்கம். அக்கணக்கும் வேண்டியதே. அதனோடு, வண்டியை விட்டிறங்கிய நோயாளி ஒருவர் எதிர்ப்புறத்தை அடைய எத்தனை படிகள் ஏறுகிறார், எத்தனை முறை வழி கேட்கிறார் என்பதையும் எண்ணுவார்களாயின், அந்நிலையத்தின் உண்மை நிலை நன்கு விளங்கும். பொறியியல் கற்று இத்தகைய நிலையங்களை வகுக்கப் புகும் நம் தோழர்கள் இவ்விரண்டாவது கணக்கையும் தம் ஏட்டிற் குறித்துக்கொள்வார்களாக.